சுண்ணாம்புக் கோடு

1

கட்டடக் கலைஞன் எப்படி வேலை செய்கிறான் என்பது பற்றி நம்மிடையே இரண்டு கற்பனைகள் உலவுகின்றன. முழுக் கட்டடமும் அவன் மனத்தில் ஒரு கணத்தில் எழுந்து நின்றுவிடுகிறது, மற்றவர்கள் அதைக் கல்லிலும் செங்கல்லிலும் பிரதி எடுக்கிறார்கள் என்பது ஒன்று. தேவைகளைப் பட்டியல் போட்டு, மனையை அளந்து, வெயிலும் காற்றும் வரும் திசையைக் குறித்துக்கொண்டு, கணக்கின் கடைசி வரியில் விடை விழுவதைப்போல் அவன் வடிவத்துக்கு வந்து சேர்கிறான் என்பது மற்றது. முதல் கற்பனை நம்மைப் போன்று எழுதுகிறவர்களுக்குப் பிடித்தமானது. இரண்டாவது அரசாங்க அலுவலகங்களுக்குப் பிடித்தமானது. வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தவர்கள் இரண்டையும் காணவில்லை.

கட்டடக் கலையும் உளவியலும் படித்த ஆங்கிலேயர் பிரையன் லாஸன் 1979இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மேல் வகுப்புக் கட்டடக் கலை மாணவர்களிடமும் விஞ்ஞான முதுநிலை மாணவர்களிடமும் வர்ணக் கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். வெளிச் சுற்றில் ஒரு குறிப்பிட்ட நிறம் எவ்வளவு அதிகம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. கூடவே, எந்தக் கட்டை கட்டாயம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. ஆனால் அதைச் சொல்ல மாட்டார்கள். அடுக்கிக் காட்டினால் சரி, தப்பு என்ற பதில் மட்டும் கிடைக்கும். விஞ்ஞான மாணவர்கள் முதலில் அந்த மறைந்த விதியைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். கட்டடக் கலை மாணவர்கள் விதியைத் தேடவில்லை. தங்களுக்குச் சிறந்ததாகப் பட்ட ஒரு அடுக்கை நேராக வைத்தார்கள். தப்பு என்றால் அதற்கு அடுத்த சிறந்ததை வைத்தார்கள். பிரச்னை என்ன என்பதையே தங்கள் விடைகள் அடிபடுவதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். பள்ளி மாணவர்களிடமும் முதலாண்டு மாணவர்களிடமும் இதே சோதனையைச் செய்தபோது இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இது பிறவிக் குணம் அல்ல, தொழில் பழக்கிவிட்ட குணம்.

அதே ஆண்டில் ஜேன் டார்க் என்பவர், இங்கிலாந்தில் பொதுக் குடியிருப்புகளை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களோடு பேசியதை வைத்து இன்னொன்றைச் சொன்னார். தேவைகள் முழுக்கத் தெரியும் முன்பே இவர்கள் ஒரு எளிய எண்ணத்தைப் பற்றிக்கொள்கிறார்கள் - வீடுகள் ஒரு முற்றத்தைப் பார்க்க வேண்டும், தெருவை விட்டுவிடக் கூடாது என்பது போல. அதற்கு அப்போது முழுமையான நியாயம் கிடையாது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதித் தேவைகளையே அவர்கள் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

இதற்கு எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் 1964இல் வெளியிட்ட நூலில் வடிவத்தைக் கணிதத்தால் அணுகினார். அவர் எடுத்துக்கொண்ட பெரிய உதாரணம் ஒரு இந்திய கிராமம். குஜராத்தில் ஒரு கிராமத்தில் தங்கிப் பார்த்து, கிராமத்துக்கு வேண்டியவை என்று 141 தேவைகளைப் பட்டியலிட்டு, எது எதோடு மோதுகிறது என்று பிரித்துக் கூட்டி, வடிவத்தைப் பெற முயன்றார். நேர்மையான முயற்சி. அதைவிட நேர்மையானது, 1971இல் அதே நூலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், வடிவமைப்பு முறை என்று ஒன்றைத் தனியே பிரித்து ஆராய்கிற காரியத்தையே அவர் மறுத்துக்கொண்டது.

ஆக, நடைமுறையில் கட்டடக் கலைஞன் ஊகிக்கிறான். ஊகித்துவிட்டு, அது எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறான். இதை ஒரு வேலைமுறை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் சொல்வதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊகத்தின் உள்ளே போய்க் குடியிருக்கப் போகிறவர் வேறொருவர். மற்றவர் வாழ்க்கையின்மேல் ஊகம் செய்ய ஒருவனுக்கு என்ன உரிமை? ஊகிக்காமல் முடியாது என்றால், அவனுடைய பொறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது? என்னுடைய கேள்வி இதுதான். இது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி அல்ல.

2

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. அதன்மேல் இருந்த நாட்டு ஓட்டு வீடு ஒரு மழையில் பின்சுவரை விட்டுவிட்டதால், பல வருஷங்களுக்கு முன் அதைப் பிரித்துப் புது வீடு கட்டினோம். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவது அப்படியொன்றும் கஷ்டம் இல்லை. மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் பூமி பாறை, ஜல்லி உடைக்கிறார்கள். கிழக்கே அரியலூர்ப் பக்கம் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல். காரையில் ஓடைக் கரையில் குனிந்தால் கிளிஞ்சல் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். அதைச் சுட்டு அரைத்து சிமெண்டாக்கி ஊர் ஊருக்கு அனுப்புகிறோம். மணல் கொள்ளிடத்தில். வீடு கட்டச் சரக்கு வேண்டிய மட்டும் இருந்தது. எப்படிப்பட்ட வீடு என்பது மட்டும்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அதை நான் யோசித்தேன்.

கிராஃப் தாளில் நானே பிளான் போட்டேன். போடுமுன் அம்மாவைக் கேட்டேன். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒழுகாம இருந்தா போதும்" என்றாள். வேறு எதுவும் என்று கேட்டதற்கு, "ஒனக்குத் தெரியாததா" என்றாள். தேவைகளின் பட்டியல் அதோடு முடிந்தது.

தெரு வடக்கே. தென்கிழக்கு அக்னி மூலை என்பதால் அடுப்படி அங்கே. அதுவரை கொத்தனாருக்கும் எனக்கும் தகராறு இல்லை. அடுப்படிக்குக் கதவை மேற்கே, சாப்பிடுகிற அறைப் பக்கமாக வைத்திருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் அடுப்படி படக்கூடாது என்பது என் எண்ணம். டார்க் சொல்கிறாரே, அந்த மாதிரி முதல் எண்ணம். அது எங்கிருந்து எனக்கு வந்தது என்று இன்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. படித்தவர்கள் வீடு அப்படித்தான் இருக்கும் என்று எங்கோ பார்த்திருந்தேன்.

கொத்தனார் முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவித் தரையில் வீட்டைப் போட்டுக் காட்டினார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் இருந்த வாசல் வழியாகவே உள்ளே போனாள். கோட்டைத் தாண்டவில்லை. கூடம் கடந்து, சாப்பிடுகிற அறை கடந்து, அடுப்படியில் போய் அடுப்பு வரும் இடத்தில் நின்றாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "கொத்தனாரே, இங்க நின்னா வாசல்ல யாரு வராங்கன்னு தெரியாது போலருக்கே" என்றாள். பழைய வீட்டில் அடுப்பின் முன் உட்கார்ந்தபடியே கூடத்தின் வழியாக வாசல் தெரியும். தபால்காரர், பிச்சை கேட்பவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த நான், எல்லோரையும் அவள் அங்கிருந்துதான் பார்த்தாள்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். "கதவ கூடத்துப் பக்கம் திருப்பிடலாம் தம்பி. இப்ப சொன்னா கோட்ட அழிச்சிப் போட்டுக்கலாம். நெலை வெச்ச பெறகு சொன்னா செவுத்த ஒடைக்கணும்" என்றார்.

நான் தாளை எடுத்துக் காட்டினேன். கூடத்துச் சுவரில் அலமாரி வருகிறது, கதவு வைத்தால் அது போய்விடும் என்றேன். அம்மா உடனே, "சரி, இருக்கட்டும். அவன் பாத்துதான் போட்டிருப்பான்" என்று வெளியே வந்துவிட்டாள், அப்போதும் வாசல் வழியாகவே.

அந்த வீட்டில் பதினோரு வருஷம் சமைத்தாள். வாசலில் சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு அறை கடந்து வந்து, "யாரு?" என்பாள். பாதி நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். தெருவில் போகிறவர் செருமியிருப்பார். முழங்கால் வலி வந்த பிறகு வருவதை நிறுத்திவிட்டு அடுப்படியிலிருந்தே "யாரு?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருமுறைகூட அந்தக் கதவைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

இதை ஒரு பிள்ளையின் வருத்தமாகப் படிக்க வேண்டாம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விஷயம். நான் கேட்டபோது அவள் சொல்லாதது, மறைத்ததால் அல்ல. அப்போது அது அவளுக்கே தெரியாது. நாற்பது வருஷம் கண் செய்துகொண்டிருந்த காரியம் தேவை என்ற பெயரில் அவள் மனத்தில் இருக்கவில்லை. என் ஊகம் தரையில் கோடாக விழுந்து, அவள் அதன் உள்ளே போய் நின்ற பிறகுதான் அந்தத் தேவை பிறந்தது. அலெக்ஸாண்டரின் 141ஐ 1,141 ஆக்கினாலும் அது பட்டியலுக்குள் வந்திருக்காது. ஆகவே நான் ஊகித்தது குற்றம் இல்லை. ஊகிக்காமல் அவள் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை வரவழைத்திருக்க முடியாது. அந்த வாக்கியம் வந்த பிறகு, தாளை எடுத்துக் காட்டினேனே, அதுதான் குற்றம். கோட்டை அழிக்க ஒரு கை தண்ணீர் போதுமாயிருந்த நேரத்தில், வீட்டில் அசைக்க முடியாதது எது, அசைக்கக்கூடியது எது என்று நான் முடிவு செய்தேன். அலமாரி அசையாது, அம்மா அசையலாம் என்று முடிவு செய்தேன்.

3

இந்தக் கதவின் ஞாபகத்தோடு போனதால்தானோ என்னவோ, கங்கைகொண்டசோழபுரத்து விமானத்தை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போனபோது, தஞ்சாவூரைவிடச் சின்னது என்று ஏமாந்த ஞாபகம்.

தஞ்சை விமானம் 1010இல் முடிந்தது. பதின்மூன்று நிலை, அறுபது மீட்டருக்கு மேல், கோடு போட்டதைப்போல் நேரே ஏறிக் குவிகிற பிரமிடு. கால் நூற்றாண்டு கழித்து, எழுபது கிலோமீட்டர் வடகிழக்கே, ராஜேந்திரன் கட்டிய விமானம் ஒன்பது நிலை, 53 மீட்டர். அடித்தளச் சதுரம் ஏறக்குறைய அதே அளவு. சுவர் அங்கே போலவே இரண்டு அடுக்காக நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு மேல்தான் மாறுகிறது. மூலைகள் உள்வாங்குகின்றன. சதுரம் மெல்ல மெல்ல எண்பட்டையை நோக்கியும் வட்டத்தை நோக்கியும் தளர்கிறது. விளிம்பு உள்ளே வளைந்து ஏறுகிறது.

அப்பாவுக்கு மரியாதை கொடுத்து மகன் உயரத்தைக் குறைத்தான் என்று கோயிலில் சொல்வார்கள். உயரத்துக்கு வேண்டுமானால் அது காரணமாக இருக்கட்டும். வளைவுக்கு மரியாதை காரணமாகாது. கட்டியவர்கள் முன்னால் கல்லில் முடிந்துபோன ஒரு விடை நின்றுகொண்டிருந்தது. அதைப் பிரதி எடுப்பதற்கு ஆளும் இருந்தது, அளவும் இருந்தது, ராஜ்யமும் இருந்தது. அவர்கள் அதன் அடியை ஏற்றுக்கொண்டார்கள், ஏறுகிற விதத்தை மாற்றினார்கள். தஞ்சைக் கோபுரம் அவர்களுக்கு மாதிரியும் அல்ல, எதிரியும் அல்ல. அசைக்க முடியாமல் அங்கே நிற்கிற ஒன்று. அது நிற்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகு மீதி என்ன செய்யலாம் என்று கேட்டவர்களின் வேலையாக இது எனக்குத் தெரிகிறது.

மயமதம் கட்டடத் தொழிலில் நால்வரைச் சொல்கிறது. ஸ்தபதி, நூல் பிடிப்பவனான சூத்திரக்கிராகி, கல்லும் மரமும் செதுக்குகிற தக்ஷகன், சேர்த்து எழுப்புகிற வர்த்தகி. இதில் நூல் பிடிப்பவன் ஸ்தபதியின் மகனாகவோ சீடனாகவோ இருப்பவன். எண்ணத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு நூல் இருக்கிறது, அதன் ஒரு முனையை ஸ்தபதிக்கு மிக நெருங்கிய ஒருவன் பிடித்திருக்கிறான். இத்தாலியில் ஆல்பர்ட்டி 1452 வாக்கில் எழுதி, 1485இல் அச்சான நூலில், கட்டடத்தின் கோட்டுருவத்தைப் பொருளிலிருந்து முற்றாகப் பிரித்து மனத்திலேயே நிறைவு செய்துகொள்ள முடியும் என்றார். இன்று உலகம் முழுக்க ஆர்க்கிடெக்ட் என்ற தொழில் அந்த வாக்கியத்தின் மேல் நிற்கிறது. வரைகிறவன் ஒருவன், எழுப்புகிறவன் ஒருவன், இருக்கிறவன் ஒருவன். கிராஃப் தாளைத் தூக்கிக் காட்டிய நானும், பெயர் தெரியாமலே, ஆல்பர்ட்டியின் சீடனாகத்தான் நின்றிருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. தஞ்சைக் கோயிலின் பெருந்தச்சன் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அவன் பெயர், இன்னும் இரண்டு பெருந்தச்சர்களின் பெயரோடு, கோயில் ஊழியர்களின் பட்டியலில் வருகிறது. கணக்கர், நாவிதர், தையல்காரர், துணி வெளுப்பவர் எல்லோரும் இருக்கிற பட்டியல் அது. விமானத்தின் உச்சிக்கு ராஜராஜன் குடம் கொடுத்தது தன் 25ஆம் ஆட்சியாண்டில். இந்தப் பட்டியல் 29ஆம் ஆண்டுக்கு உரியது. வேலை முடிந்தும் தச்சன் போய்விடவில்லை. கோயிலில் அவனுக்குப் பங்கு இருந்தது. எங்காவது நீர் இறங்கினால், கல் நகர்ந்தால், கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டியவனாக இருந்தான். தான் கட்டியதன் அருகிலேயே வயதாவது ஒரு தண்டனை போலவும் இருக்கலாம், ஆனால் அதைவிடக் கறாரான பொறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இதனால் அந்தக் காலம் பொற்காலம் ஆகிவிடாது. கங்கைகொண்டசோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டி, அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று செப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். மைல் கணக்கில் போகும் கரைக்கு மண் சுமந்தவர்களை யாரும் நடுவில் நிறுத்தி எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்தபதியின் காது கல்லுக்கும் நூலுக்கும் திறந்திருந்தது, கூலிக்கு அல்ல. சுவாமிக்குக் கருங்கல்லிலும் தனக்குச் செங்கல்லிலும் வீடு கட்டிக்கொண்ட ராஜாவின் அரண்மனை இன்று மாளிகைமேட்டில் தோண்டிய குழிகளில் வரிவரியாகக் கிடக்கிறது. யார் வீடு நிற்க வேண்டும், யார் வீடு போனால் பரவாயில்லை என்பதும் பிளானில் உள்ள சங்கதிதான்.

4

அசையாதது, அசைக்கலாம் என்ற இந்தத் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே கோயிலின் மதிலே சாட்சி. கோயிலைச் சுற்றி நடந்தால், இவ்வளவு பெரிய விமானத்துக்கு இசைவான மதில் எங்கே என்று யாருக்கும் தோன்றும்.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அணைக்கரை என்று நாம் சொல்வது. ஆர்தர் காட்டனின் வேலை. அதற்குக் கல் வேண்டியிருந்தது. எங்கள் கிழக்குப் பக்கத்தில் கருங்கல் கிடையாது. சோழன் எங்கிருந்தோ இழுத்து வந்து வைத்த கல்தான் உண்டு. அது ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. மதிலையும் சுற்றியிருந்த வேலைப்பாடுகளில் பெரும் பகுதியையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர் ஜனங்கள் தடுக்கப் பார்த்தார்கள், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. இருபது வருஷம் கழித்தும் அது நிறைவேறவில்லை என்று அந்தக் காலத்திலேயே ஆங்கிலத்தில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

வெள்ளைக்காரன் கோயிலை இடித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். சுலபம். ஆனால் அணைக்கரையிலிருந்து போகிற தண்ணீர் வீராணத்தை நிரப்புகிறது. அது பாய்கிற வயல்களில் விளைந்ததை இத்தனை தலைமுறை சாப்பிட்டிருக்கிறது. 2004லிருந்து சென்னைக்காரர்கள் அந்த ஏரியின் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அணை நல்ல வடிவமைப்பு. பொறியியல் கேள்விக்குச் சரியான விடை. விடையில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

தப்பு விடைக்கு முன்னால் நடந்தது. ஆறு அசையாதது என்று எழுதிக்கொண்டார்கள்; அது சரி. செலவுத் தொகையும் அசையாதது என்று எழுதிக்கொண்டார்கள், அதுவும் புரிகிறது. கோயில் மதிலைக் கல் என்ற தலைப்பில் எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதிய நிமிஷத்தில் காரியம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்து நின்ற ஜனங்களுக்கு அந்தக் கணக்கில் உட்கார ஒரு பத்தி கிடையாது. அவர்கள் குறுக்கே நின்றது இடைஞ்சல் என்ற கணக்கில்தான் சேர முடிந்தது.

அந்தப் பொறியாளரையும் என்னையும் ஒரே வரியில் நிறுத்துவது மிகை என்று தோன்றலாம். அளவு வேறு, அதிகாரம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செயல் ஒன்றுதான். தரையில் நிற்கிறவர் ஒன்றைச் சொல்கிறார். கையில் தாள் வைத்திருப்பவர், அது ஏற்கெனவே முடிவான விஷயம் என்கிறார்.

5

ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். இந்த வகைப் பிரச்னைகளில், பிரச்னையை எப்படி வகுக்கிறோம் என்பதே பிரச்னை. மற்றது, விஞ்ஞானிக்குத் தவறான ஊகம் செய்ய உரிமை உண்டு; அவன் ஊகம் பொய்த்தால் அறிவு வளர்கிறது; திட்டமிடுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது, ஏனென்றால் அவன் பொய்த்துப்போன ஊகத்தில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

இரண்டாவது வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் யாரும் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. லாஸனின் மாணவர்களைப்போல் தப்பு என்று கேட்டுக் கேட்டுத்தான் கட்டடம் உருவாகிறது என்றால், தவறு செய்யும் உரிமை இல்லாமல் அந்தத் தொழிலே இல்லை. டொனால்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூலில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. சரிவான நிலத்தில் பள்ளிக்கூடம் ஒன்றை வடிவமைக்கிற மாணவி, கட்டடம் நிலத்தோடு பொருந்தவில்லை என்று ஆசிரியரிடம் வருகிறாள். அவர் சொல்வதன் சாரம்: எப்படியாவது ஒரு ஒழுங்கைத் தேர்ந்து நிலத்தின்மேல் வை, பிறகு வேண்டுமானால் உடைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு நிலம் பதில் பேசும், அதைக் கேட்க வேண்டும் என்பது ஷோனின் பாடம். எனக்கு இதில் ஒரே ஒரு குறை. அந்தக் காட்சி முழுவதிலும் பென்சில்தான் ஓடுகிறது. பதில் பேசுவது தாளில் உள்ள நிலம். பள்ளிக்கூடத்துக்கு வரப்போகிற குழந்தை இன்னும் கோட்டுக்குள் வந்து நிற்கவில்லை.

உரிமை, தவறு என்ற சொற்களை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது என்று நினைக்கிறேன். முளைக்குச்சிக்கும் நிலைக்கும் நடுவே ஒரு நேரம் இருக்கிறது. தாளில் இருக்கும்போது ஊகம் யாரையும் தொடுவதில்லை, ஆகவே யாரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நிலை வைத்த பிறகு பதில் சொல்லிப் பயன் இல்லை. சுண்ணாம்புக் கோடாக இருக்கிற அந்த ஓரிரு நாள்தான், உள்ளே நடந்து பார்க்கிற அளவுக்கு நிஜமாகவும், கையால் அழிக்கிற அளவுக்கு லேசாகவும் வீடு இருக்கிற சமயம். அந்த நேரத்தை எவ்வளவு நீட்டுகிறோம், அதற்குள் யார் யாரை வந்து நிற்க விடுகிறோம் என்பதில் கட்டடக் கலைஞனின் பொறுப்பு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வரைபடத்தைவிடக் கட்டுமிடத்தை அதிகம் நம்பியதும், மரம் குறுக்கே வந்தால் சுவரை வளைத்ததும் கலைஞனின் விசித்திரமாகப் பேசப்படுகிறது. அவர் அந்த நேரத்தை நீட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த நேரத்தை முழுக்க ஒழித்துவிட்ட வடிவமைப்பும் உண்டு. 2011இல் அறிவித்த பசுமை வீடுகள் ஒவ்வொன்றும் 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. கூரைக்கொட்டகையில் மழை இரவைக் கழித்தவர்களுக்கு கான்கிரீட் தளம் என்ன என்பது எனக்குத் தெரியும்; அம்மா கேட்டதும் அதைத்தான், ஒழுகாமல் இருந்தால் போதும் என்று. ஆயிரக்கணக்கில் கட்டும்போது மாதிரி வரைபடம் இல்லாமல் முடியாது என்பதும் புரிகிறது. ஆனாலும் மனை வேறு, தெரு வேறு, ஆள் வேறு என்றிருக்கையில், பரப்பளவு மட்டும் மாறாமல் வருகிறது. தரையில் கோடு போட்டு, இந்த அடுப்பில் சமைக்கப் போகிற பெண்ணை ஒரு நிமிஷம் உள்ளே வந்து நிற்கச் சொல்வதற்கு அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவாகாது. ஜன்னலும் கதவும் எந்தப் பக்கம் என்று அவள் சொல்லியிருப்பாள்.

கடைசியாக நம் விவகாரம். இந்தப் பக்கங்களில் அடிக்கடி சொல்கிறோம், கவிதை யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல என்று. நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்தச் சுதந்திரத்தில் பாதி காகிதத்தின் மலிவால் வந்தது என்று தோன்றுகிறது. நம் தப்பு வரிக்குள் யாரும் பதினோரு வருஷம் சமைக்க வேண்டியதில்லை. கிழித்துப் போடலாம், அடுத்த இதழில் மாற்றி எழுதலாம். இந்த வசதியை நாம் கலையின் இயல்பு என்று நினைத்துக்கொள்கிறோம். கட்டடத்தில் அந்த வசதி இல்லாததால் அங்கே விஷயம் வெளிச்சமாகத் தெரிகிறது. முதல் எண்ணம் எங்கிருந்தோ வருகிறது. அதற்கு நியாயம் கேட்க முடியாது. அது தரையில் விழுந்த பிறகு ஒருவர் அதன் உள்ளே நின்று ஏதோ சொல்கிறார். அப்போது நாம் அவரைப் பார்க்கிறோமா, தாளைப் பார்க்கிறோமா? இந்தக் கேள்வி கவிதைக்குப் பொருந்தாது என்று சொல்ல நம்மில் யாராவது முன்வந்தால், காரணத்தைக் கேட்க ஆசைப்படுகிறேன்.

போன வருஷம் அந்தக் கொத்தனாரைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, வேலைக்குப் போவதில்லை. வீட்டுக்கு வந்தவர், கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்து, "இதுலதான தம்பி அன்னிக்குக் கதவு கேட்டாங்க" என்றார். இவ்வளவு வருஷம் அவருக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. இப்போது உடைத்து நிலை வைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ரெண்டு நாள் என்றார். கொஞ்சம் பொறுத்து, "யாருக்கு?" என்று கேட்டார்.

அலமாரியில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருக்கின்றன.